எஞ்சினுக்கு வழிவிட்ட டிரம்

டிரம் மென்பொருளைக் கணினியில் ஏற்றி, முதல் அடி ஸ்பீக்கரில் ‘தும்’ என்று விழும்போது உங்களுக்கு ஒரு சிரிப்பு வருமே, அது எனக்கும் வந்தது. அப்போது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல். வாழ்நாளில் ஒரு டிரம் குச்சியைக்கூடப் பிடித்திராதவன், மவுஸைத் தட்டித் தட்டியே டிரம்மர் ஆகிவிட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒருவர் என் பதிவைக் கேட்டுவிட்டு, “யாருங்க டிரம்மரு, மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சீங்களா?” என்று கேட்டார். அன்று முழுவதும் என் கால் தரையில் படவில்லை.

நான் பெருமைக்காரன். ஒளித்துப் பயனில்லை, காரைக்காலில் என்னோடு வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். ஒலிப்பதிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வந்தால், எந்த பிளகின் நல்லது, எத்தனை டெசிபல் வைக்கணும் என்று கேட்கிறீர்கள். அதற்கெல்லாம் இன்டர்நெட் இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது வேறு. டிரம்மைத் தனித்தனி டிராக்காகப் பிரித்து எடுக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு விசைப்படகு எஞ்சின்.

சுனாமி வந்துபோன மூன்றாம் வருடம் அது. அரிசி மண்டிக்கு மேல்மாடியில் என் ஸ்டுடியோ. சுவருக்கு மண்டியின் காலிச் சாக்கை மடித்து அடித்திருந்தேன், வெளிச்சத்தம் உள்ளே வராது. ஆனால் பாட வருகிறவர்கள் எல்லோருக்கும் பசிக்கும், அப்படி ஒரு அரிசி வாசனை. கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை, கடை விளம்பரம், அம்பகரத்தூர் பக்கத்துக் கோயில் பாட்டு என்று வேலை ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி தெரேஸின் தங்கை குடும்பம் பாரிஸில் இருந்தது. சகலை விடுமுறைக்கு வந்தபோது சூட்கேஸில் துணிக்கு நடுவே ஒரு சவுண்ட் கார்டும், பெட்டியோடு அந்த டிரம் மென்பொருளும் கொண்டுவந்து கொடுத்தார். கையேடு முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை நம்பிக் கொஞ்ச தூரம் படித்தேன். பிறகு, சத்தம்தான் வந்துவிட்டதே, இனி எதற்குப் படிப்பு என்று மூடிவைத்துவிட்டேன்.

அந்த மென்பொருளுக்குள் ஒரு முழு டிரம் செட் இருந்தது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், அதைத்தான் கிக் என்போம். அப்புறம் ஸ்னேர், டாம், தட்டுகள். அறையில் தொங்கும் மைக்குகளில் விழும் எதிரொலிகூடத் தனியாக இருந்தது. நான் எதையும் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஸ்டீரியோ டிராக்காக இறக்கிவிட்டு மென்பொருளை மூடிவிடுவேன். என் கணினிக்கு நினைவகம் குறைவு, மென்பொருள் திறந்திருந்தால் மூச்சு முட்டிவிடும் என்று ஒரு சாக்கும் வைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், மொத்தமாகக் கேட்க நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதை எதற்குப் பிரிப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருட மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகள் எல்லாம் கரையில் கிடந்தபோது, வசந்தா என்னைத் தேடி வந்தார். கோட்டுச்சேரிமேட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். அன்னக்கூடையில் மீன் சுமந்து விழிதியூர் வரைக்கும் தெருத்தெருவாக விற்பவர். அவர் தெருமுனையில் “மீனேய்” என்றால் கடைசி வீட்டில் அரிவாள்மனையை எடுத்துவைப்பார்கள். ஊர்க் கோயில் திருவிழாவில் அம்மனுக்குப் பாட்டுக் கட்டிப் பாடுவதும் அவர்தான். கழுத்தில் தைராய்டு கட்டி. புதுச்சேரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

“கொரல் மாறுனாலும் மாறலாம்னு டாக்டரு சொல்லிட்டாருண்ணே. மாறாமலும் இருக்கலாமாம். எனக்கு ரெண்டுல எதுன்னு அவருக்கே தெரியல. அதான், இருக்கறப்பவே புடிச்சு வச்சிருங்க” என்றார். தன் குரலைப் பற்றிச் சொல்லும்போது தூண்டிலில் மீன் பிடிக்கச் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எட்டுப் பாட்டு. எல்லாம் அவரே கட்டியது. முதல் பாட்டு இப்படித் தொடங்கும்: “கரையில நிக்கிறா காவக்காரி, கண்ணு மூடாமப் பாக்கிறா.” ‘காவக்காரி’ என்று அவர் இழுத்து முடித்ததும் நான் இரண்டு கிக் வைத்தேன். தும், தும். நல்ல கனமாக, முழக்கத்தின் வால் நீளமாக, நெஞ்சில் வந்து விழும்படி வைத்தேன். அந்த இரண்டு அடியில் எனக்கு இருந்த கர்வத்தை அளக்க முடியாது. வசந்தாவுக்கும் அது பிடித்துவிட்டது. “அந்த எடத்துல எனக்கு மூச்சு வாங்கிக்கத் தோதா இருக்குண்ணே” என்றார்.

வசந்தாவுக்கு ஆசை ஒன்றுதான். கோயிலில் தன் பாட்டைப் போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள், அதாவது விசைப்படகுகள், கடலுக்குப் போகும்போது அதிலும் அந்தப் பாட்டு ஓடவேண்டும், அதைக் காதால் கேட்டுவிட்டு ஆபரேஷனுக்குப் போகவேண்டும். கடலுக்குள் நாள் முழுக்க ஓடும் பாட்டுதான் அவர்கள் ஊரில் பாட்டு. தடைக்காலம் முடிவதற்குள் சிடி தயாராகிவிட்டது. ஊரில் இருந்த லாஞ்சுகளுக்கெல்லாம் படகுக்கு ஒன்று கொடுத்தார். ஒரு வியாழக்கிழமை எல்லாப் படகுகளும் கிளம்பின. அடுத்த வியாழன் அவருக்கு ஆபரேஷன்.

வெள்ளிக்கிழமை காலை வசந்தா ஸ்டுடியோவுக்கு வந்தார். கூடை இல்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை.

“நேத்து மத்தியானத்துக்குள்ள எல்லா போட்டுலயும் என் பாட்ட நிறுத்திட்டாங்களாம்ண்ணே” என்றார்.

“யாரு சொன்னா?”

“மீன் எறக்குற எடத்துல பேசிக்கிட்டாங்க. எங்க வூட்டுக்காரரையும் கேட்டேன். அவரு போட்டுலயும் நிறுத்திட்டாராம். ஏன்னு கேட்டா, சும்மாதான் நிறுத்துனேன்னு சொல்றாரு. பொண்டாட்டி பாட்ட யாராச்சும் சும்மா நிறுத்துவாங்களா? கொரல் புடிக்கல. அத எங்கிட்ட சொல்ல மனசு வரல, அவ்வளவுதான்.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “ஒரு வெதத்துல நல்லதுதான். ஆபரேசன்ல போனாலும் போவட்டும். புடிக்காத கொரலுக்கு எதுக்கு அழுவணும்?” என்றார்.

உங்களிடம் வந்து ஒருவர் இப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள்? நான் செய்ததைச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபமும் அவருக்காக வரவில்லை, என் மிக்ஸிங்கை நிறுத்திவிட்டார்களே என்று வந்தது. படகில் ஓட்டை ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு என் வேலையைக் குறை சொல்கிறார்களா? நேரில் போய் நிரூபித்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். படகில் பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பதிவு செய்து அவர்கள் முகத்தில் அடிக்க என் பழைய கேசட் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டேன்.

வசந்தாவின் கணவர் முருகேசன் லாஞ்சு டிரைவர். பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிற ஆள். சனிக்கிழமை அதிகாலை, படகுகள் நிற்கும் அரசலாற்றுக் கரையில் போய் நின்று, “நானும் வர்றேன்” என்றேன். என் சட்டையை, செருப்பை, தோளில் தொங்கிய ரெக்கார்டரைப் பார்த்தார். “வாந்தி வரும் சார்” என்றார். வந்தது. முகத்துவாரம் தாண்டியதுமே வந்தது. வலைக்காரர்கள் நான்கு பேர் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, “சார், சுருதி சேரல” என்று கிண்டல் செய்தார்கள். கொஞ்சம் தெளிந்தபோது வெயில் ஏறியிருந்தது. மடியை இறக்கி இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். மடி என்பது கடலடியில் பை மாதிரி இழுபட்டு வரும் பெரிய வலை.

முருகேசன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “பாட்டப் போடுங்க” என்றேன். மறுபேச்சில்லாமல் போட்டார். ஸ்பீக்கர் நன்றாகவே இருந்தது. அதில் எனக்கு ஒரு ஏமாற்றம்கூட. எஞ்சின் உறுமலுக்கு மேலே வசந்தாவின் குரல் சுத்தமாக எழும்பி வந்தது. “கரையில நிக்கிறா காவக்காரி...” தும், தும்.

முருகேசனின் வலது கை, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரேஸ் கைப்பிடிக்குப் போனது. தொட்டது. திரும்பி வந்தது.

நான் கவனித்தேன். நம் தொழிலில் காது மட்டும் போதாது, கேட்கிறவனின் கையையும் பார்க்கவேண்டும். அடுத்த ‘காவக்காரி’ வந்தது. தும், தும். மறுபடி கை போனது. இந்தத் தடவை கைப்பிடி லேசாக இறங்கியும் விட்டது, படகு தயங்கியது. பின்னால் வலைக்காரர் ஒருவர், “இன்னைக்குமா?” என்று கத்தினார். முருகேசன் முகம் சிவந்துபோனது. எட்டிப் பாட்டை நிறுத்தினார்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல சார்.”

“முருகேசன், நான் ரெண்டு தடவை பார்த்துட்டேன்.”

கைப்பிடியைப் பழைய வேகத்துக்கு ஏற்றினார். பிறகு, அவரைப் பொறுத்தவரை ஒரு பிரசங்கமே செய்தார். “மடி அடியில பாறையில மாட்டுனா எஞ்சின் முக்கும் சார். ‘தும்’முன்னு ஒரு கனம் விழும். அது காதுல பட்டவொடனே ரேஸக் கொறைக்கணும். இல்லன்னா கயிறு அறுந்து மேல இருக்கறவன் மேல அடிக்கும், மடி போயிடும், போட்டே ஒரு பக்கமா சாஞ்சிடும். அந்தச் சத்தத்துக்குத்தான் நாளெல்லாம் காதக் குடுத்து ஒக்காந்திருக்கேன். ஒங்க டிரம்மும் அதே மாதிரி விழுது. முந்தாநாளு நாலு தடவ சும்மா சும்மா கொறச்சேன்.”

“மத்த போட்டுலயும் இதேதானா?”

“எவன் சொல்லுவான்? இருவது வருசமா டிரைவரு நானு. பாட்டக் கேட்டு ஏமாந்துட்டேன்னு எவங்கிட்டப் போயி சொல்றது?”

“வசந்தாட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“ஒன் பாட்டாலதான் ஏமாந்தேன்னு, கழுத்துல ஆபரேசன் பண்ணிக்கப் போற பொம்பளகிட்ட எப்புடி சார் சொல்லுவேன்?”

அந்த ஊரில் ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியாக ஏமாந்து, தனித்தனியாக வெட்கப்பட்டு, வாயை மூடிக்கொண்டு பாட்டை நிறுத்தியிருக்கிறார். கரையில் ஒரு பெண் தன் தொண்டையைத் தானே வெறுத்துக்கொண்டிருக்கிறார். நடுவில், மெட்ராஸ் டிரம்மர் என்று பெயர் வாங்கவேண்டும் என்பதற்காக நான் வால் நீட்டி வைத்த கிக்.

“தப்பு என்னோடது, முருகேசன்” என்றேன். அதைச் சொல்ல எனக்கு வாந்தி எடுத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

“அடிச்சது அடிச்சதுதானே சார். அத மட்டும் உருவி எடுக்கவா முடியும்?” என்றார். நியாயமான கேள்வி. என் கையில் இருந்த டிராக்கில் அது முடியாது என்று எனக்குத் தெரியும். ரெக்கார்டரை எடுத்து, பாட்டு இல்லாமல் வெறும் எஞ்சினைப் பதிவு செய்யத் தொடங்கினேன். நம் அதிர்ஷ்டமோ என்னவோ, பத்து நிமிடத்தில் மடி நிஜமாகவே ஒரு பாறையில் தட்டியது. எஞ்சின் முக்கியது. முருகேசனின் கை போன வேகத்தை என்னால் கண்ணால் தொடர முடியவில்லை. ஒரு விநாடி கழித்துத்தான் எனக்கு அந்தச் சத்தமே புரிந்தது. வலை தப்பியது. அந்த முக்கல் என் கேசட்டில் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசையிலிருந்து நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். புதன்கிழமை காலை வசந்தாவுக்குப் புதுச்சேரி பஸ். முதலில், எல்லோரும் செய்வதைச் செய்தேன். மொத்த டிரம் டிராக்கிலும் அடிக்கனத்தை, அதாவது பேஸை, வெட்டினேன். கிக் மெலிந்தது, கூடவே டாமும் ஸ்னேரும் தகர டப்பாவாகிவிட்டன. எல்லாம் ஒன்றாகக் கலந்துகிடக்கும்போது ஒன்றை மட்டும் தண்டிக்க முடியாது. நல்ல வேளை, எந்த இடத்தில் எந்த அடி என்ற குறிப்புக் கோப்புகளை அழிக்காமல் ஒரு சிடியில் போட்டுவைத்திருந்தேன். மென்பொருளை மறுபடி திறந்து, ஒவ்வொரு டிரம்மையும் அதனதன் டிராக்குக்கு அனுப்பவேண்டும். எப்படி அனுப்புவது? எனக்குத் தெரியாது.

சாப்பாடு கொண்டுவந்த தெரேஸ் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். கையேட்டை அவளிடம் நீட்டினேன். நீட்டும்போதே அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

“‘சொர்த்தி செபாரே’ன்னு ஒரு அத்தியாயமே இருக்கு. தனித்தனி வெளிவழி. மொத்தம் பதினாறு இருக்காம். நீங்க எல்லாத்தையும் ஒரே வாசல்ல தள்ளி விட்டிருக்கீங்க.”

“எத்தனாம் பக்கம்?”

“பன்னெண்டு. நீங்க பதினொண்ணோட நிறுத்திட்டீங்க போல. அதுலதான் உங்க காப்பிக் கறை இருக்கு.”

அவள் படிக்கப் படிக்க நான் செய்தேன். கிக் ஒரு வழி, ஸ்னேர் ஒரு வழி, டாம், தட்டு, அறை எதிரொலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. எல்லா வழியையும் திறந்ததும் கணினி உறைந்து நின்றுவிட்டது. சரி, நீ ஒவ்வொன்றாகவே கொடு என்று, ஒரு நேரத்தில் ஒரு டிரம்மை மட்டும் பாட விட்டு இறக்கினேன். எட்டுப் பாட்டுக்கும் அப்படியே.

காரணம் தெரியாமல், நான் எட்டையும் திரும்பச் செய்கிறேன் என்று மட்டும் கேள்விப்பட்டு வசந்தா போனில் கூப்பிட்டார். “எட்டும் எதுக்குண்ணே மெனக்கெடுறீங்க? மொத பாட்டு ஒண்ணு போதும்” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மடி இழுத்துக்கொண்டிருக்கிற டிரைவர் பாட்டு மாற்றிக்கொண்டிருக்க மாட்டான். மூன்றாவது பாட்டில் ஒரு ‘தும்’ விழுந்தால் சிடியையே தூக்கிப்போட்டுவிடுவான், அதோடு முதல் பாட்டும் போய்விடும். அரை வேலை என்பது இந்த இடத்தில் வேலையே இல்லை. நேரம் குறைவாக இருக்கும்போது எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்று முடிவெடுப்பதுதான் நம் தொழிலில் கடினம், பட்டனைத் திருப்புவது இல்லை.

திங்கட்கிழமை எல்லாம் தனித்தனியாகக் கையில் இருந்தது. கிக் டிராக்கை மூடினேன். மூடியும் தூரத்தில் ‘தும்’ கேட்டது! பேய் பிடித்துவிட்டதா என்று ஒருகணம் நினைத்தேன். அறை மைக்குகளில் கிக்கின் சத்தமும் சேர்ந்தே விழுந்திருந்தது. தலைவனைத் துரத்திவிட்டேன், அவன் நிழல் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அதையும் கண்டுபிடித்து, கிக் சத்தம் அறைக்குள் போகாமல் நிறுத்தி, அந்த டிராக்கை எட்டுப் பாட்டுக்கும் மறுபடி எடுத்தேன். நீங்கள் ஒன்றைத் தனியாகப் பிரித்துவிட்டதாக நினைக்கும்போது, அது வேறு எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

கிக் இல்லாத பாட்டை ஸ்டுடியோ ஸ்பீக்கரில் கேட்டேன். நொண்டியது. என் பெயரைப் போட்டு இதை வெளியே விடுவதா என்று தோன்றியது. கொஞ்சமாக வைத்துவிடலாமா, வாலை மட்டும் வெட்டிவிடலாமா என்றெல்லாம் ஆசை வந்தது. அப்போதுதான் கேசட் ஞாபகத்துக்கு வந்தது. எஞ்சின் சத்தத்தைக் கணினியில் ஏற்றி இன்னொரு டிராக்காகப் போட்டேன். ஒரு ஸ்பீக்கரில் எஞ்சின், இன்னொன்றில் பாட்டு. என்ன ஆச்சரியம், கிக் இருந்த பள்ளத்தில் எஞ்சின் வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்டுடியோவில் நொண்டிய பாட்டு கடலில் நடந்தது. அதற்குப் பிறகு எஞ்சின் ஓடும்போதே மிக்ஸ் செய்தேன். ஸ்னேரை மெலிதாக்கி, டாமின் அடிக்கனத்தை ஒதுக்கி, தட்டுகளைக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து, குரலுக்கு நடுவிடத்தை விட்டேன். இந்தியாவில் விசைப்படகு எஞ்சினை உடன் வைத்து அம்மன் பாட்டு மிக்ஸ் செய்த ஆள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவருக்கு மாலை போடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முருகேசனையும் வசந்தாவையும் வரச் சொன்னேன். முருகேசனை நாற்காலியில் உட்காரவைத்து, “கண்ணை மூடிக்குங்க. எஞ்சின் முக்குனா கையைத் தூக்குங்க” என்றேன். வசந்தா கதவருகே சாக்குச் சுவரில் சாய்ந்து நின்றார், எதற்கு வரச்சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது.

முதலில் எஞ்சினோடு பழைய சிடியைப் போட்டேன். “காவக்காரி...” தும், தும். முருகேசனின் கை விருட்டென்று எழுந்தது. தப்பென்று தெரிந்து இறங்கியது. அடுத்த தடவையும் எழுந்தது. நான்காவது தடவை எழுந்தபோது வசந்தா சுவரை விட்டு நிமிர்ந்தார்.

“நிறுத்துங்கண்ணே” என்றார். நிறுத்தினேன். கணவரிடம் போய் நின்றார். “என் கொரலுக்குத் தூக்கல நீங்க. அந்தத் தும்முக்குத்தான் தூக்குறீங்க. அன்னைக்கும் இதானா?”

முருகேசன் கண்ணைத் திறக்கவில்லை. “ஆமா” என்றார்.

“அடப்பாவி மனுசா! அஞ்சு நாளா என் தொண்டைய நானே திட்டிக்கிட்டுக் கெடக்கேன்!” என்று அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்புறம் அதே தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். சிரிப்பும் கூடவே வந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மானிட்டரைத் துடைப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு புதிய மிக்ஸ். முருகேசன் மறுபடி கண்ணை மூடினார். முதல் ‘காவக்காரி’ போயிற்று, கை தொடையிலேயே இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. பாட்டு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தபோது, அதற்கு அடியில், கேசட்டில் நான் பிடித்துவந்த அந்த முக்கல் வந்தது. எனக்கு அது எங்கே வரும் என்று தெரியும். முருகேசனுக்குத் தெரியாது. அவர் கை எழுந்தது. ஒரே ஒரு தடவை, சரியான இடத்தில். அந்தக் கையைவிடப் பெரிய விருது எனக்கு யாரும் கொடுத்ததில்லை, கொடுக்கவும் முடியாது.

வசந்தாவுக்கு ஒரு குறை. “தும் தும் இல்லாம, மூச்சு வாங்குற எடம் வெறிச்சுன்னு இருக்குண்ணே.”

“கோயில் சிடியில இருக்கும். எல்லாம் தனித்தனியா இருக்கு, எங்கே வேணுமோ அங்கே வைக்கலாம். கடலுக்கு மட்டும் வேண்டாம்.”

“ஆமா. போற மனுசங்க திரும்பி வரணும்ல. எடுத்துடுங்க” என்றார்.

மாலைக்குள் சிடிகளைப் போட்டுக் கொடுத்தேன். முருகேசனே படகு படகாகப் போய்க் கொடுத்திருக்கிறார். கொடுக்கும்போது, “இது எஞ்சினுக்கு வழிவிட்டு அடிச்சது. போன சிடியக் கேட்டு நான் நாலு தடவ ரேஸக் கொறச்சேன்” என்று தானே முந்திச் சொல்லியிருக்கிறார். இருபது வருட டிரைவர் அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள், “எனக்கு ஆறு தடவைப்பா” என்று சொல்லத் தொடங்கினார்களாம். என் வேலை பாதி, அவர் வாய் பாதி. அவருடையதுதான் கஷ்டமான பாதி.

வசந்தாவின் குரல் பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திரும்பி வந்தது. மாதங்கள் ஆயின, கொஞ்சம் கனத்து வந்தது. அந்தக் கனத்த குரலுக்கு நான் மறுபடி டிரம் வைத்தேன், முதல் நாளே தனித்தனி டிராக்கில். எங்கள் பக்கத்தில் “போட்டு சிடி” என்று கேட்டு வாங்கும் வழக்கமே அதற்கப்புறம் வந்தது, நாகப்பட்டினத்திலிருந்துகூடக் கேட்டு வந்தார்கள். ஆனால் நான் சொல்லி முடிக்க நினைப்பது ஆபரேஷனுக்கு அடுத்த நாளை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், படகுகள் திரும்பும் நேரத்துக்கு அரசலாற்றுக் கரைக்குப் போனேன். எந்தப் படகிலாவது பாட்டு ஓடுமா என்று பார்க்கத்தான். முகத்துவாரத்தில் முதல் லாஞ்சு நுழைந்தது, அதன் ஸ்பீக்கரில் வசந்தா பாடிக்கொண்டே வந்தார். பின்னால் இன்னொன்று, அதிலும் அவர்தான், வேறு பாட்டு. மூன்றாவதிலும். சட்டைப்பையிலிருந்து மொபைலை எடுத்து முருகேசனைக் கூப்பிட்டேன்.

“எப்படி இருக்காங்க?”

“முழிச்சிருக்கா சார். பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“பேச வேண்டாம். போனை அவங்க காதுல வைங்க.”

மொபைலை ஆற்றுப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். நான்காவது படகு முதல் பாட்டோடு வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு மெதுவாக என் காதுக்குக் கொண்டுவந்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை. படகிலிருந்து “கரையில நிக்கிறா காவக்காரி” என்ற வரி வந்து முடிந்தது.

டொக், டொக் என்று போனில் விரல் நகம் இரண்டு தடவை தட்டியது. நான் எடுத்துவிட்ட இடத்தில், துளிகூடத் தப்பாமல். அதற்கடுத்து, போனுக்கு மிக அருகில், அடுத்த வரிக்காக வசந்தா மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.